புவி வெப்பமானால் ஹரிக்கேன்கள் பெருகுமா? எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்ப்போம்

கேள்வி இப்படி வந்திருக்கிறது: "புவி வெப்பமாவதால் ஹரிக்கேன்கள் அதிகமாகின்றன என்கிறார்கள். ஆனால் 2025-இல் அமெரிக்காவின் பெருநிலப்பரப்பை ஒரு ஹரிக்கேன்கூடத் தொடவில்லையே? அப்படியென்றால் எது உண்மை?"

கேட்டவர் சொல்லும் தகவல் சரிதான். 2025-இல் ஒரு ஹரிக்கேனும் அங்கே கரை கடக்கவில்லை. அந்த ஆண்டு அட்லாண்டிக்கில் பெயர் சூட்டப்பட்ட புயல்கள் 13. அவற்றில் ஹரிக்கேன் எனப்படும் கடும்புயல் அளவுக்கு வளர்ந்தவை ஐந்தே ஐந்து. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அலட்டிக்கொள்ள ஒன்றுமில்லாத ஆண்டு. ஆனால் அந்த ஐந்தில் மூன்று, எரின், ஹம்பர்ட்டோ, மெலிசா, காற்றின் வேகத்தை வைத்து ஹரிக்கேன்களை வகைப்படுத்தும் அளவுகோலின் உச்சமான ஐந்தாம் வகையை எட்டின. ஒரே பருவத்தில் அதைவிட அதிகமாக ஐந்தாம் வகைப் புயல்கள் பதிவானது 2005-இல் மட்டும்தான். அந்த ஆண்டு நான்கு. அக்டோபர் 28 அன்று மெலிசா மணிக்கு சுமார் 300 கி.மீ. வேகக் காற்றோடு ஜமைக்காவின் தென்மேற்குக் கரையில் ஏறியது. அட்லாண்டிக்கில் இதுவரை பதிவான கரையேற்றங்களிலேயே மிக வலுவானவற்றில் அதுவும் ஒன்று.

என் பதில் இந்த ஒரே ஆண்டிலேயே அடங்கிவிடுகிறது. வெப்பமாகும் பூமி புயல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வருகிற புயல் எவ்வளவு வேகமாக வலுக்கிறது, எவ்வளவு மழையைக் கொட்டுகிறது, எவ்வளவு உயர்ந்த கடல்மீது ஏறி வருகிறது என்பதைத்தான் அது மாற்றுகிறது. "அதிகமாகின்றனவா, இல்லையா" என்று எண்ணிக்கையைச் சுற்றியே நடக்கும் சண்டையில் இரண்டு தரப்புமே தவறான இடத்தில் நின்று பேசுகின்றன என்பது என் கருத்து.

சரி, காரணத்துக்கு வருவோம். அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், நம் பக்கம் புயல். பெயர்கள் மூன்றானாலும் இயங்கும் விதம் ஒன்றுதான். கடல்நீர் ஆவியாகும்போது கடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போகிறது, வியர்வை காயும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதைப் போல. அந்த ஆவி மேலே குளிர்ந்து மேகமாகும்போது, எடுத்துப்போன வெப்பத்தைக் காற்றிடம் விட்டுவிடுகிறது. சூடான காற்று இன்னும் மேலே ஏறுகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, சுற்றிலுமுள்ள காற்று உள்ளே பாய்கிறது. பாயும் காற்று கடலைக் கலக்கி மேலும் நீரை ஆவியாக்குகிறது. இந்தச் சுழற்சி தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்ளும். கீழே 28, 29 டிகிரிக் கடல், மேலே சுமார் 15 கி.மீ. உயரத்தில் மைனஸ் 60, 70 டிகிரிக் குளிர். இந்த இரண்டுக்கும் இடையில் வெப்பம் பாய்வதில்தான் புயலின் பலம் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு புயல் அதிகபட்சம் எவ்வளவு வலுக்க முடியும் என்று கணக்கிடலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வானிலை விஞ்ஞானி கெர்ரி இமானுவேல் 1987-இலேயே அதைச் செய்து, பசுமை இல்ல வாயுக்கள் கூடினால் அந்த உச்சவரம்பும் உயரும் என்று எழுதினார். கடல் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே விடுவதற்கு அந்த வாயுக்கள் தடையாக நிற்கின்றன. அப்போது கடலுக்கு வெப்பத்தைக் கழிக்க மிஞ்சும் முக்கிய வழி ஆவியாதல்தான். புயலுக்கு உணவும் அதுவே. வளிமண்டலம் பிடித்துவைக்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயத்தின் அளவு தெரியும்.

இங்கே பலரும் ஒரு தப்புக்கணக்குப் போடுகிறார்கள். "புயல் உருவாகக் கடல் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். கடல் சூடானால் அந்த அளவைத் தாண்டும் பரப்பு கூடும். எனவே புயல்களும் கூடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 26.5 என்பது இயற்கை எழுதிவைத்த நிரந்தர எண் இல்லை. இன்றைய வளிமண்டலத்துக்குப் பொருந்தும் எண், அவ்வளவுதான். வெப்பமண்டலக் கடல் முழுவதும் சூடாகும்போது மேலடுக்குக் காற்றும் சூடாகிறது, சொல்லப்போனால் கீழே இருப்பதைவிட அதிகமாகவே. ஆகவே மேகம் உயர எழும்பக் கீழே முன்பைவிடக் கூடுதல் சூடு தேவைப்படும். எல்லைக்கோடும் கூடவே நகர்ந்துவிடுகிறது. உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 80 முதல் 90 வெப்பமண்டலப் புயல்கள் உருவாகின்றன. செயற்கைக்கோள்கள் நன்றாகக் கவனிக்கத் தொடங்கிய இத்தனை ஆண்டுகளில் அந்த எண் பெரிதாக ஏறவில்லை. பெரும்பாலான கணினி மாதிரிகளும் வரும் காலத்தில் எண்ணிக்கை இப்படியே இருக்கும் அல்லது சற்றுக் குறையும் என்றுதான் காட்டுகின்றன.

குறைந்தால் நல்லதுதானே என்றால், அதே மாதிரிகள் நான்காம், ஐந்தாம் வகைப் புயல்களின் பங்கு கூடும் என்றும் சொல்கின்றன. பூமி 2 டிகிரி சூடானால் புயல்களின் உச்சக் காற்றுவேகம் சராசரியாக 5 சதவீதம் அளவுக்கு ஏறும் என்பது தாமஸ் நட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட தொகுப்பு மதிப்பீடு. ஐந்து சதவீதம்தானா என்று தோன்றும். ஆனால் காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்படி கூடுகிறது. வேகம் 5 சதவீதம் ஏறினால் தாக்கும் ஆற்றல் ஏறக்குறைய 16 சதவீதம் ஏறும்.

இது ஏற்கெனவே நடந்துவருகிறதா? இந்தக் கேள்விதான் 2005-இல் பெரிய சண்டையானது. அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில் இமானுவேல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அட்லாண்டிக் புயல்கள் வெளியிடும் மொத்த ஆற்றல் முப்பது ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேலாகிவிட்டது என்றார். அதே மாதம் 29-ஆம் தேதி கத்ரீனா நியூ ஆர்லியன்ஸ் பக்கம் கரையேறியது. செப்டம்பரில் பீட்டர் வெப்ஸ்டர் குழுவினர், 1970-களோடு ஒப்பிட்டால் உலகில் நான்காம், ஐந்தாம் வகைப் புயல்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டன என்று எழுதினார்கள். கிறிஸ் லாண்ட்சீ போன்ற புயல் பதிவு வல்லுநர்கள் உடனே எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: பழைய பதிவுகளை எப்படி நம்புவது? அட்லாண்டிக் பதிவேடு 1851-இல் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் நடுக்கடலில் தோன்றி அங்கேயே அடங்கிய புயல், ஏதாவது கப்பல் அதன் வழியில் மாட்டியிருந்தால்தான் ஏட்டில் ஏறும். விமானத்தில் போய் அளக்கும் வழக்கம் 1940-களில்தான் வந்தது. 1970-களின் செயற்கைக்கோள் படங்களோ இன்றைய படங்களுக்குப் பக்கத்தில் நிற்க முடியாதவை. முன்பு தெரியாதது இன்று தெரிவதால் மட்டுமே "அதிகரித்துவிட்டது" என்று சொல்லிவிடக் கூடாது.

இந்த எதிர்ப்பை எதிரிகளின் பேச்சு என்று ஒதுக்காமல், அதற்குப் பதில் தேடியவர்கள்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஜேம்ஸ் காசினும் அவரோடு இருந்தவர்களும் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 1979 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் படங்களை எடுத்துக்கொண்டு, தெளிவான புதிய படங்களின் தரத்தை வேண்டுமென்றே பழைய படங்களின் அளவுக்கு இறக்கினார்கள். அப்புறம் எல்லாப் படங்களையும் ஒரே கணினி முறையால் மதிப்பிட்டார்கள். கண் கூர்மையானதால் வரும் வித்தியாசத்தை இப்படி நீக்கிய பிறகும், ஒரு புயல் மூன்றாம் வகையிலோ அதற்கு மேலோ இருப்பதற்கான வாய்ப்பு பத்தாண்டுக்கு சுமார் 8 சதவீதம் ஏறிவந்திருப்பது தெரிந்தது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கையும் அந்தப் பக்கமே நிற்கிறது: கடந்த நாற்பது ஆண்டுகளில் மூன்று முதல் ஐந்தாம் வகை வரையிலான புயல்களின் பங்கு உலக அளவில் கூடியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அட்லாண்டிக்கின் ஏற்ற இறக்கம் முழுவதையும் கார்பன் டை ஆக்சைடின் தலையில் கட்டுவதும் தவறு. 1970-களிலும் 80-களிலும் அங்கே புயல்கள் அடங்கியிருந்து, 1995-இலிருந்து பொங்கி எழுந்தன. இயற்கையான கடல் சுழற்சிதான் காரணம் என்று நெடுங்காலம் சொன்னார்கள், இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இன்னொரு விளக்கம்தான் வலுவாகப் படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் ஐரோப்பாவும் எரித்த நிலக்கரியிலிருந்து கிளம்பிய கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பி, வட அட்லாண்டிக்கைக் குளிர்வித்து வைத்திருந்தன. காற்றுமாசுச் சட்டங்கள் வந்து வானம் தெளிந்ததும் கடல் சூடேறியது. அந்த மாசுக் குறைவு மட்டுமே நாற்பது ஆண்டுகளில் அட்லாண்டிக் புயல்களை 33 சதவீதம் கூட்டியது என்று ஹிரோயுகி முரகாமியின் 2022 ஆய்வு கணக்கிட்டது. சீனாவிலும் இந்தியாவிலும் மாசு பெருகியதால் மேற்குப் பசிபிக்கில் புயல்கள் 14 சதவீதம் குறைந்ததாகவும் அதே ஆய்வு சொல்கிறது. காற்று சுத்தமானது லட்சக்கணக்கானோரின் நுரையீரலைக் காத்தது, அதில் இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் ஒரே ஒரு கடலின் எண்ணிக்கையை வைத்துப் புவி வெப்பத்தை நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பசிபிக் கடல்நீர் சில ஆண்டுகளில் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நீன்யோ இன்னொரு பக்கம். அது வரும் ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் மேலடுக்குக் காற்று வேகமெடுத்து, வளரும் புயல்களின் தலையைக் கலைத்துவிடும். 2005-இல் பெயர்ப் பட்டியலே தீர்ந்துபோகும் அளவுக்குப் புயல்கள், 2006-இல் அமைதி. 2005 அக்டோபரில் வில்மா கரை கடந்த பிறகு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் மூன்றாம் வகையிலோ அதற்கு மேலோ ஒரு ஹரிக்கேனும் அமெரிக்கப் பெருநிலத்தில் கரையேறவில்லை. "எங்கே போச்சு உங்கள் புவி வெப்பம்?" என்று அந்த ஆண்டுகளில் கேட்காதவர்கள் குறைவு. அப்புறம் 2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி வந்தது.

ஹார்வியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டெக்சஸ் கரையில் நான்காம் வகைப் புயலாக ஏறிய ஹார்வி, பிறகு நகராமல் நின்றுவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு போகக் காற்றோட்டம் இல்லை. நாட்கணக்கில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை இழுத்து ஹூஸ்டன் வட்டாரத்தின் மேல் கொட்டியது. நெடர்லாந்து என்ற ஊரில் மொத்தம் 1,539 மி.மீ. மழை பதிவானது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 1,400 மி.மீ.தான். ஹூஸ்டனைக் காக்கக் கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களும் நிரம்பி, மதகுகளைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழ்ப்பக்கம் புயலைத் தாண்டித் தப்பித்த வீடுகளுக்குள் அந்தத் தண்ணீர் புகுந்தது. சேதம் சுமார் 125 பில்லியன் டாலர்.

இந்த மழையில் நம் பங்கு எவ்வளவு? காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த இயற்பியல், இதில் வாதத்துக்கு இடமில்லை. அப்படியானால் 7 சதவீதம் அதிக மழை என்று எதிர்பார்க்கலாம். ஆனால் ஹார்வியைத் தனித்தனியாக ஆராய்ந்த குழுக்கள் சொன்னது அதைவிட அதிகம். ஒரு குழுவின் கணக்கு சுமார் 15 சதவீதம், இன்னொன்று குறைந்தது 19 சதவீதம் என்றது. ஏனென்றால் கூடுதல் ஆவி மழையாகும்போது கூடுதல் வெப்பம் வெளியாகிறது. அது காற்றை இன்னும் வேகமாக மேலே தள்ள, சுற்றிலுமிருந்து மேலும் ஈரம் உள்ளே இழுக்கப்படுகிறது. கெவின் ட்ரென்பெர்த்தும் மற்றவர்களும் கடலில் மிதக்கும் ஆர்கோ கருவிகளின் வெப்ப அளவுகளைப் புயலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். வளைகுடா இழந்த வெப்பமும், ஹார்வியின் மழை வெளியிட்ட வெப்பமும் கணக்கில் ஒத்துவந்தன. கடலில் சேர்ந்திருந்த சூடு அப்படியே மழையாக மாறி ஊருக்குள் வந்திருக்கிறது.

"ஹார்வியை உண்டாக்கியது புவி வெப்பம்" என்று இந்த ஆய்வாளர்கள் யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நாம் இந்த வாயுக்களைச் சேர்த்திராத ஓர் உலகத்தைக் கணினியில் அமைத்து, அங்கே இதே மாதிரிப் புயல் வந்தால் எவ்வளவு மழை பெய்யும் என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு புயல் வந்ததும் "பருவநிலை மாற்றத்தின் கோரம்" என்று தலைப்புப் போடும் ஊடகங்கள் இந்த வித்தியாசத்தை மக்களுக்குச் சொன்னால் நன்றாக இருக்கும். புயல் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. 1900-இல் டெக்சஸின் கால்வெஸ்டன் நகரத்தில் ஒரே புயலில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள்.

மழைக்கு அடுத்து என்னை அதிகம் கவலைப்படுத்துவது, புயல் திடீரென வலுப்பது. 2023 அக்டோபர் 24 காலையில், மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு அப்பால் ஓட்டிஸ் ஹரிக்கேன்கூட ஆகாத புயலாகத்தான் இருந்தது. காற்று மணிக்கு 100 கி.மீ. அளவில். மாதிரிகள் எதுவும் பெரிதாக எச்சரிக்கவில்லை. பிற்பகலில் உள்ளே பறந்த ஆய்வு விமானம், நினைத்ததைவிடப் பன்மடங்கு மோசமான புயலைக் கண்டது. அன்றிரவு அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையத்தின் முன்னறிவிப்பாளர், வழக்கமான வறண்ட அறிக்கை நடையை விட்டுவிட்டு, ஒரு கொடுங்கனவு நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார். நள்ளிரவு தாண்டியதும் ஓட்டிஸ் ஐந்தாம் வகைப் புயலாக, மணிக்கு சுமார் 260 கி.மீ. வேகத்தில் அகபுல்கோ நகரத்தருகே ஏறியது. காலையில் சாதாரணப் புயல் என்று கேட்டுவிட்டு இரவு படுக்கப் போன ஊர் அது. கடற்கரை ஓட்டல் கட்டடங்களின் கண்ணாடியும் சுவர்களும் பிய்ந்து, விடிந்தபோது எலும்புக்கூடுகளாக நின்றன.

ஓட்டிஸ் கடந்துவந்த கடல் 30 டிகிரிக்கு மேல் இருந்தது. வழக்கமாகப் புயலுக்கு ஒரு தடை உண்டு. அதன் காற்றே கடலைக் கலக்கி, அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து, தன் உணவைத் தானே கெடுத்துக்கொள்ளும். சூடான நீர் ஆழம்வரை இருந்தால் அந்தத் தடை வேலை செய்யாது. கத்ரீனாவும் வளைகுடாவில் அப்படிப்பட்ட ஆழமான சூட்டுநீரின் மேல்தான் பெருத்தது. கரையேறுவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் மணிக்கு 110 கி.மீ. அளவுக்கு வேகம் கூடும் புயல், முன்பு நூற்றாண்டுக்கு ஒருமுறை வந்தது என்றால், இந்த நூற்றாண்டின் முடிவில் ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்று இமானுவேல் 2017-இல் கணக்கிட்டார். புயல் எங்கே போகும் என்று சொல்வதில் முன்னறிவிப்பு மிகவும் தேறிவிட்டது. எவ்வளவு வலுக்கும் என்பதில் அதே அளவுக்குத் தேறவில்லை. ஒரு பெருநகரத்தைக் காலிசெய்ய இரண்டு மூன்று நாள் வேண்டும். ஓட்டிஸ் அரை நாள்கூடத் தரவில்லை.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கன்னியாகுமரிக் கடலில் திடீரென்று புயலாக மாறியபோது, நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போயிருந்தவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தது, அவர்களை எட்டவில்லை. ஒக்கியின் வலுவில் புவி வெப்பத்தின் பங்கு இவ்வளவு என்று நான் எண் சொல்லப் போவதில்லை. ஆனால் அரபிக்கடலில் 2001–2019 காலத்தில், அதற்கு முந்தைய இருபதாண்டுகளைவிடப் புயல்கள் 52 சதவீதம் கூடியிருப்பதையும், அதே காலத்தில் வங்கக்கடலில் சற்றுக் குறைந்திருப்பதையும் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கடல்மட்டம் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 1901-இலிருந்து உலகச் சராசரி சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. புயல் தள்ளிவரும் நீர் அந்த உயரத்தின் மேல் ஏறித்தான் ஊருக்குள் வரும். 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதைகளில் கடலைப் பாய்ச்சியது. சுமார் 60 பில்லியன் டாலர் சேதத்தில் 8 பில்லியன், மனிதரால் உயர்ந்த கடல்மட்டத்தின் கணக்கில் சேரும் என்று பின்னர் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. காற்றின் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாமலே வந்த சேதம் இது.

சேதத் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதை மட்டும் வைத்துப் புயல் வலுத்துவிட்டது என்று சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். ஃப்ளோரிடா கரையில் காலியாகக் கிடந்த மணல்மேட்டில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அதே புயல் இன்று வந்தால் பலமடங்கு இழப்பு. தொகையின் ஏற்றத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

கடைசியாக, ஐந்தாம் வகைக்கு மேல் ஆறாம் வகை ஒன்று வேண்டும் என்று 2024-இல் இரண்டு விஞ்ஞானிகள் முன்வைத்த யோசனை. மணிக்கு சுமார் 309 கி.மீ.க்கு மேல் வீசுபவற்றுக்கு அது. புயல்களின் உச்சம் நகர்ந்துவருவதைக் காட்ட அது நல்ல வழிதான். ஆனால் எச்சரிக்கைக்கு அது உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அளவுகோல் காற்றை மட்டும் அளக்கிறது. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் புயலால் நேரடியாக இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது தண்ணீர்தான். 2024 செப்டம்பரில் ஹெலீன் ஃப்ளோரிடாவில் கரையேறி, வலுவிழந்த பிறகு, கடலிலிருந்து பல நூறு கி.மீ. தள்ளியிருக்கும் வட கரோலினா மலைகளில் பெய்த மழை ஆஷ்வில் நகரத்தைச் சுற்றிலும் ஊர்களை அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் மொத்தம் 200-க்கும் மேல். அந்த மலைவாசிகளில் பலர், வகை எண் இறங்கிவிட்டது என்ற செய்தியைக் கேட்டுத்தான் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். அடுத்தமுறை ஒரு ஹரிக்கேன் செய்தி வரும்போது எத்தனையாம் வகை என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு மழை, எத்தனை மீட்டர் கடல்நீர், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் எவ்வளவு வலுத்தது என்பதையும் தேடிப் பாருங்கள். புவி வெப்பத்தின் கை இருக்கும் இடங்கள் அவைதான்.